பருத்திப் பண்ணையைக் காப்பதானால் முதலில் பருத்தியை விதையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பருத்திப் பண்ணை ஒன்றை உயிரோட்டமுள்ள நூதனசாலையாக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே அவ்வப்போது எழும்பி அடங்குகிறது. யோசனையில் குறையில்லை. ஆனால் பேச்சு தொடங்கியதுமே நுழைவாயிலும் வாகனத் தரிப்பிடமும் சிற்றுண்டிச்சாலையும்தான் முன்னுக்கு வருகின்றன. பருத்திச் செடி எந்த நிலத்தில் நிற்கும், அதை வருடா வருடம் யார் விதைப்பார், விதை எங்கிருந்து வரும் என்று கேட்பாரில்லை.

எல்லாரும் கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையைக் காட்டுகிறார்கள். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது, 2001இல் நூதனசாலையானது. அங்கே இயந்திரங்களை மட்டும் அடுக்கி வைத்தாலும் காரியம் நடக்கும். ஏனென்றால் தேயிலை இன்றும் மலையெங்கும் நிற்கிறது. கொழுந்து பறிப்பவரை வழியிலேயே பார்த்துவிட்டுத்தான் எவரும் உள்ளே போகிறார். பருத்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சேனைகளில் பெரும்போக மழையை நம்பிப் பருத்தி போட்ட காலம் உண்டு. இன்று கொழும்பில் வளரும் பிள்ளைக்குப் பஞ்சு என்றால் மருந்துக்கடைச் சுருள்தான். ஆகவே இந்த நூதனசாலையின் முதல் காட்சிப்பொருள் செடியே. அதுவும் ஒரு போகத்துச் செடி. ஆண்டுதோறும் பிடுங்கி எரித்துவிட்டு மறுபடி விதைக்க வேண்டிய காட்சிப்பொருள் மற்ற நூதனசாலைகளில் அபூர்வம். வரவுசெலவுத் திட்டம் போடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலம் அரை ஏக்கர் போதும். செங்கபில மண் நல்லது. தண்ணீர் தேங்காத மேட்டு நிலமாக இருக்க வேண்டும். பருத்தி வறட்சியைப் பொறுக்கும், வேரில் நிற்கும் தண்ணீரைப் பொறுக்காது. இரண்டு நாள் தேங்கினாலே இலை மஞ்சளாகும், மொட்டு கொட்டும். எனவே வரம்பு கட்டி, வரம்பின் தோளில் விதைக்க வேண்டும். பெரும்போக மழை மண்ணை நனைத்ததும், ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் முதற்கிழமைக்குள் விதைத்தால், காய் வெடிக்கும் காலம் பெப்ரவரி, மார்ச் வறட்சியில் விழும். பிந்தி விதைத்தால் வெடித்த பஞ்சு ஏப்ரல் மழையில் நனைந்து பழுப்பேறும்.

அரைத்தெடுத்த, அதாவது பஞ்சைப் பிரித்தெடுத்த, பருத்திக் கொட்டையில் குறும்பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விதைத்தால் கொத்துக்கொத்தாக விழும். சாணத்தைக் கரைத்து அதில் புரட்டி, சாம்பல் தூவி உள்ளங்கையால் உருட்டி, நிழலில் உலர்த்தினால் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். விதை நிறுவனங்கள் கந்தக அமிலத்தில் குறும்பஞ்சை நீக்குகின்றன. பாடசாலைப் பிள்ளைகள் வரும் இடத்தில் அமிலம் எதற்கு? வரிசைக்கு வரிசை 75 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றர், ஆழம் 3 சென்ரிமீற்றர். அரை ஏக்கருக்கு ஏறத்தாழ 9,000 குழி வரும். குழிக்கு இரண்டு, மூன்று விதை போட்டு மூன்றாம் கிழமையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் களைய வேண்டும். விதைத்த முதல் பத்து நாளில் மயிலும், அதன் பிறகு ஆடு மாடும்தான் எதிரி. ஆகவே நுழைவாயிலுக்கு முன் வேலி.

எந்தப் பருத்தி என்பது அடுத்த கேள்வி. இன்றைய சந்தை விதையைப் போட்டுவிட்டு 'பழைய பண்ணை' என்று பலகை மாட்டுவது ஏமாற்று. பழைய பயிர்களின் வித்துக்களைச் சேமித்து வைப்பது கன்னொருவையிலுள்ள தாவர மரபணு வள நிலையத்தின் வேலை. தேடலை அங்கிருந்து தொடங்கலாம். இந்தியாவிலிருந்து எடுப்பதானால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். கோவில்பட்டிக்குப் போய்வரும் உறவினரின் பயணப்பையில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி விதை ஒரு பொட்டலம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தோடு புழுவும் நோயும் வரும்.

இரண்டு இனப் பருத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் காட்ட விரும்பினால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு 26 நிறமூர்த்தங்கள்; அமெரிக்க மேட்டுநிலப் பருத்திக்கு 52. ஆகவே இவை இரண்டும் வயலில் கலக்காது, அடுத்தடுத்த பாத்தியில் வைக்கலாம். ஒரே இனத்தின் இரண்டு வகைகளை அப்படி வைத்தால் தேனீ கலந்துவிடும். சில ஆண்டுகளில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கும் வேலை சிறியது, பார்க்கவும் அழகானது. மறுநாள் விரியப்போகும் மொட்டு முதல்நாள் மாலையே பூவடிச் செதில்களுக்கு வெளியே வெளிறிய கூம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியை நூலால் கட்டி, காம்பில் ஒரு சீட்டும் கட்டிவிட்டால் காலையில் பூ விரியாது, தேனீ நுழையாது, தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். கட்டாத மேட்டுநிலப் பருத்திப் பூவோ காலையில் பாலாடை நிறத்தில் விரிந்து, பின்னேரம் சிவக்கத் தொடங்கி, மறுநாள் இளஞ்சிவப்பாகும். ஒரே செடியில் இரண்டு நிறமும் நிற்கும். கணக்கு இதுதான்: 200 செடியில் செடிக்கு ஐந்து காய் நிலைத்தால் 1,000 காய், காய்க்கு 25 விதை என்றால் 25,000 விதை, எடை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அடுத்த போகத்துக்கு அரை ஏக்கருக்கு அது போதும். கட்டிய மொட்டில் பாதியாவது உதிரும் என்பதால் செடிக்குப் பத்துக் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத காயிலிருந்து விதைக்கு எடுக்கவே கூடாது.

விதைத்து 40 நாளில் மொட்டு, 60 நாளில் பூ, பூத்ததிலிருந்து 45 முதல் 55 நாளில் காய் வெடிப்பு. இதை நாட்காட்டியாக அச்சிட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பினால், டிசம்பரில் வருபவர் பூவைப் பார்ப்பார், பெப்ரவரியில் வருபவர் பஞ்சைப் பார்ப்பார். ஓகஸ்டில் வருபவருக்குச் சும்மா கிடக்கும் நிலத்தைத்தான் காட்ட முடியும்; அதை மறைக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி எரித்து, நிலத்தை வெறுமையாக விடுவதும் தொழிலின் ஒரு பகுதி. பார்வையாளருக்காக ஆண்டு முழுக்கச் செடியை நிற்கவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அங்கேயே குடியிருந்து அடுத்த போகத்தைத் தின்று தீர்க்கும். அதே காரணத்துக்காக வெண்டியைப் பக்கத்தில் நடக்கூடாது. அது பருத்தியின் குடும்பம், பூச்சிகளும் பொது.

பறிப்பு காலை பத்து, பத்தரை மணிக்குள் முடிய வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த சருகும் பூவடிச் செதிலும் நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டும். பிறகு எந்த இயந்திரமும் அதைச் சுத்தமாகப் பிரிக்காது. பனி ஈரம் அதிகமென்றால் பறித்ததை நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். கறைபட்டதும் பூச்சி கடித்ததும் கொட்டுப் பருத்தி. அதற்கு வேறு பை. ஒரு காயில் ஏறக்குறைய 4 கிராம் பருத்தி இருக்கும். ஒரு கிலோ சேர 250 காய். வெடித்த காயின் ஓட்டு முனை ஊசிபோல நகக்கண்ணில் ஏறும். பிள்ளைகளிடம் ஒரு கிலோ பறித்து நிறுக்கச் சொன்னால் போதும். கிலோக் கணக்கில் கூலி வாங்கிய பெண்களின் நாள் எப்படிப் போனது என்பதற்கு வேறு விளக்கப் பலகை தேவைப்படாது. அந்தத் தராசும் உண்மையாக நிறுக்கும் தராசாக இருக்கட்டும்.

அடுத்தது அரைக்கும் பொறி, அதாவது கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம். எல்லாரும் இதை ஓட்டிக் காட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். கணக்குப் பார்ப்பவர் குறைவு. மழையை நம்பிய அரை ஏக்கரில் 180 கிலோ பருத்தி கிடைத்தால் நல்ல விளைச்சல். மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, அதாவது 60 கிலோ, மீதி கொட்டை. ஒற்றை உருளைப் பொறி மணிக்கு 20 கிலோ அளவில் பஞ்சு தள்ளும். ஆண்டு முழுவதுக்குமான விளைச்சல் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும்! பஞ்சை அழுத்திக் கட்டும் பொதியான சிப்பம், இந்திய அளவில் ஒன்று 170 கிலோ. இரண்டு போகத்துப் பஞ்சைச் சேர்த்தாலும் ஒரு சிப்பம் கட்ட முடியாது. ஆகவே கொட்டையோடு உள்ள பருத்தியைத் தடவைக்குப் பத்துக் கிலோ என்று பங்கிட்டால் பதினெட்டுத் தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் ஓட்டலாம். இரைச்சலையும் தூசியையும் பார்வையாளர் அதற்கு மேல் தாங்கவும் மாட்டார்கள். பக்கத்தில் கையால் சுற்றும் இரட்டை உருளை மரப்பொறி ஒன்றையும் வைக்க வேண்டும். நாள் முழுக்கச் சுற்றினாலும் அதில் இரண்டு, மூன்று கிலோப் பஞ்சுதான் வரும். மகாவம்சத்தில் விஜயனின் ஆட்கள் கரையேறியபோது குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். இந்தத் தீவில் விஜயனின் கதை நூல் நூற்பதோடுதான் தொடங்குகிறது என்று ஒரு வரி எழுதி வைக்க அந்த மரப்பொறியின் பக்கம் பொருத்தமான இடம்.

உருளைப் பொறியின் உள்ளே முக்கியமானவை நான்கு: தோல் வட்டுகளை நெருக்கிக் கோர்த்த உருளை, அதன்மேல் அழுத்தி நிற்கும் நிலைக்கத்தி, மேலும் கீழும் அடிக்கும் ஆடுகத்தி, கொட்டை விழும் சல்லடை. தோலின் சொரசொரப்பு பஞ்சைப் பிடித்து நிலைக்கத்திக்குக் கீழே இழுத்துச் செல்லும். கொட்டை அந்த இடுக்கில் நுழைய முடியாமல் நிற்கும். ஆடுகத்தி அதைத் தட்டிக் கழற்றும். கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும். ஈரப் பருத்தி போட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஈரம் நூற்றுக்கு எட்டுக்கு மேல் போகாமல் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயப்போட்டே அரைக்க வேண்டும். நிலைக்கத்தியை அளவுக்கு மீறி இறுக்கினால் தோல் சூடேறிக் கருகி வழவழப்பாகும். பிறகு பிடிக்காது, தோலின் வரிப்பள்ளங்களை மறுபடி வெட்ட வேண்டும். ஆடுகத்தி ஒருபக்கம் சரிந்திருந்தால் கொட்டை உடைந்து துணுக்கு பஞ்சில் கலக்கும். கொட்டையை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: நீளப் பஞ்சு தொங்கினால் கத்தி தள்ளி நிற்கிறது, ஓடு வெடித்திருந்தால் நெருங்கி நிற்கிறது.

பழைய உருளைத் தோல் குரோமியம் ஏற்றிப் பதனிட்டது. அது தேய்ந்து வரும் தூசி நல்லதல்ல; குரோமியம் இல்லாத உருளைகள் இப்போது உண்டு. ஓடும் பொறிக்குப் புதியதைப் போட்டு, பழையதை அலுமாரியில் வைக்கலாம். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கச் சீட்டும் படமும் அவசியம். இயந்திரத்துக்குப் பளபளக்கும் பெயின்ற் அடிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். செய்தவரின் பெயர்த் தகடு, பழைய வண்ணம், கைபட்டுத் தேய்ந்த பிடி, எல்லாம் ஒரே பச்சைக்குள் போய்விடும். துருவை மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு எடுத்து, மெல்ல எண்ணெய் பூசினால் போதும். பொறியைச் சுழற்றும் பட்டிகளுக்குக் கம்பிவலைக் காப்பு வேண்டும்; பிள்ளைகளின் தலைமுடியும் சால்வையும் சிக்குவது அங்கேதான். எஞ்சினைத் தினமும் ஓட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் பேர்ட்டன் என்ற சிற்றூரில் 1914இல் கட்டிய பருத்தி அரைப்பு ஆலையை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள 1925ஆம் ஆண்டின் 125 குதிரைவலு எண்ணெய் எஞ்சின் விசேட நாட்களில்தான் ஓடுகிறது.

தீ. மற்ற எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது இதற்கே. பருத்தியோடு ஒரு ஆணியோ கல்லோ உள்ளே போனால் தீப்பொறி பறக்கும்; வளையில் படிந்திருக்கும் பஞ்சுத் தூசி நொடியில் கூரைவரை தீயைக் கொண்டுபோகும். போடும் வாயில் காந்தம் பொருத்துவது மலிவான காப்பு. ஓட்டிய ஒவ்வொரு நாளும் வளையும் சுவரும் துடைத்தாக வேண்டும். கட்டிய சிப்பத்துக்குள் போன நெருப்பு வெளியே தெரியாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே புதிதாகக் கட்டிய சிப்பத்தைச் சில நாட்கள் வெளியே தனியாக வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் எடுக்க வேண்டும். ஈரம் உலராத கொட்டைக் குவியலும் தானாகவே சூடேறும். காயவைத்த கொட்டையைப் பக்கத்து மாட்டுப் பட்டிக்குக் கொடுக்கலாம். கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது, அதிலுள்ள கொசிப்போல் நஞ்சு. மதுரைப் பருத்திப்பால் போலச் சிற்றுண்டிச்சாலையில் ஏதாவது செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், ஆனால் விதைக்காகச் சாம்பலும் மருந்தும் பூசிய மூட்டையிலிருந்து அல்ல.

கட்டடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஒழுகினால் மற்ற வேலை எல்லாம் வீண், எனவே கூரை முதலில். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைபட்டு உப்பாகப் பூத்து, கல்லே உதிரும். கூரைச் சீற் அஸ்பெஸ்ரஸ் என்றால் உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்ற வேண்டும். பழைய கிருமிநாசினி அறை இருந்தால் பூட்டை உடைத்துக் கூட்டிப் பெருக்கத் தொடங்க வேண்டாம். அதிகாரிகள் வந்து மண்ணையும் சோதித்த பிறகுதான் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகலாம். சட்டப் பாதுகாப்பையும் நம்பியிருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பண்டைய சின்னங்களை மனதில் வைத்து எழுதியது. கடந்த நூற்றாண்டின் தகரக் கொட்டகையைத் தேடிக்கொண்டு முதலில் வருபவர் பழைய இரும்பு வியாபாரிதான்.

யாருடைய வாழ்க்கையைக் காட்டுவது என்பதில் அமெரிக்கர்களிடம் படிக்க ஒரு பாடம் இருக்கிறது. அங்கே தோட்ட முதலாளியின் மாளிகையை மட்டும் காட்டிய காலம் நீண்டது. லூசியானா மாநிலத்தில் 1994இல் அமைத்த கேன் ரிவர் கிரியோல் தேசிய வரலாற்றுப் பூங்காவில், மக்னோலியா பண்ணையின் செங்கற் குடிசைகளைக் காத்திருக்கிறார்கள். முதலில் அடிமைகளாக வைத்திருந்தவர்களும் பிறகு குத்தகைக் கூலிகளும் குடியிருந்த வீடுகள் அவை. மரத் திருகுச் சிப்ப அழுத்தியும் தன் பழைய இடத்திலேயே நிற்கிறது. 1794இல் எலி விட்னி காப்புரிமை பெற்ற அரைப்புப் பொறி வேலையைக் குறைத்தது. அடிமைகளின் தொகையைக் குறைக்கவில்லை, பெருக்கியது. இதையும் அங்கே படிக்கலாம். இங்கே அடிமைத் தோட்டம் இல்லை. ஆனால் சேனை வெட்டியவர், கடனுக்கு விதை வாங்கியவர், பறிப்புக்கு வந்த பெண்கள், பொறியில் நின்று தூசி குடித்து இருமியவர் என்று ஒரு வரிசை உண்டு. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும் அந்த நோய் பருத்தித் தூசியால் வருவது. முகக்கவசம் இல்லாமல் பொறிப்பக்கம் இன்றும் எவரையும் விடக்கூடாது.

கொழும்புக்கும் இதில் பங்குண்டு. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தபோது கொல்வின் ஆர். டி சில்வா அவர்களது சங்கத்தின் தலைவராக நின்றார். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கக் கதை அது. தொழிலாளரில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பண்ணையில் ஓர் அறை அந்த ஆலைக்கும், ஒரு மூலை மருதமுனைத் தறிக்கும் ஒதுக்கினால் செடியிலிருந்து சாரம் வரைக்குமான வழி ஒரே இடத்தில் தெரியும். பலகைகளை மூன்று மொழியிலும் எழுதும்போது தமிழைத் தமிழ் தெரிந்தவரிடம் ஒருதரம் காட்டிவிட்டு அச்சிடுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

ஆட்கள் மூவர் போதும்: பருத்தி தெரிந்த ஒரு விவசாயி, பொறி தெரிந்த ஒரு பிற்றர், பதிவேடும் விளக்கமும் பார்க்கும் ஒருவர். மூவருக்கும் மாதச் சம்பளம், திட்டக் காலத்துக்கு மட்டும் அல்ல. பிற்றர் ஓய்வு பெற இரண்டு ஆண்டுக்கு முன்பே அடுத்தவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தெற்கு நெடுஞ்சாலை 2020இல் அம்பாந்தோட்டைவரை நீண்டதிலிருந்து கொழும்புப் பாடசாலை பஸ் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பலாம். கூட்டம் வராது என்ற கவலை தேவையில்லை. பறிப்பு மணி பத்தரையோடு முடிந்துவிடும் என்பதால் ஐந்து மணிக்கே புறப்பட வேண்டியதுதான்.

விதையைத் தேடி, அனுமதி பெற்று, முளைப்புத் திறன் சோதித்து முடிக்கச் சில மாதங்கள் ஆகும். ஒக்டோபர் மழைக்குக் கையில் விதை இருக்க வேண்டுமானால் ஆண்டின் முற்பகுதியிலேயே கடிதப் போக்குவரத்து தொடங்க வேண்டும். குழு அமைத்து, குழுவுக்கு உபகுழு அமைத்துக் கொண்டிருந்தால் ஒரு போகம் போய்விடும். இதற்கிடையில் பழைய பருத்திக் கணக்குப் புத்தகம், நிறுவைச் சீட்டு, தராசு, அரைப்புப் பொறியின் பாகம் எதையாவது வீட்டிலோ களஞ்சியத்திலோ வைத்திருக்கும் வாசகர்கள் அதை இரும்புக்கடைக்குப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் பெயர்த் தகட்டையும் தொடர் இலக்கத்தையும் முதலில் படம் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பருத்தியோடும் பழைய பொறிகளோடும் தொழில் செய்யும் வாசகர்கள் சிலர்,
கொழும்பு 06.